பொதுக்கொள்கை முதுகலை: மூன்று இடத்தில் சீட் கிடைத்திருக்கிறது, எதை எடுப்பது?

மழைக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே படிப்பதோடு சரி, இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இளங்கலையில் நான் வரலாறு படித்தேன். அதன்பின் நான்கு ஆண்டுகளாக ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. பள்ளியை விட்டு நின்றுபோகும் பிள்ளைகள் யார், ஏன் நின்றார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, பதிந்து, அறிக்கை எழுதுவேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்திய ஒரு திட்டத்தில், நின்றுபோன பிள்ளைகளில் பலர் பள்ளிக்குத் திரும்பினார்கள். ஒவ்வொருவரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். ஆனால் நிதி கொடுப்பவர்களின் கூட்டத்தில் ஒருவர், "உங்கள் திட்டம் இல்லாவிட்டாலும் இவர்கள் திரும்பியிருப்பார்கள் அல்லவா? இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஆண்டு திட்டம் நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்றுதான் இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தேன்.

மூன்று இடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. முதலாவது, உலகத்துக்கே தெரிந்த பழைய பல்கலைக்கழகம், ஓராண்டுப் படிப்பு, உதவித்தொகை எதுவும் இல்லை. இரண்டாவது, இரண்டு ஆண்டுப் படிப்பு, புள்ளியியலும் பொருளாதாரமும் கடுமையாக இருக்கும் என்கிறார்கள், பாதிக் கட்டணம் தள்ளுபடி. மூன்றாவது, அதுவும் இரண்டு ஆண்டு, ஆனால் என் வட்டாரத்தில் ஒருவரும் கேள்விப்படாத இடம். கட்டணம் முழுவதும் தள்ளுபடி, மாதாந்தர உதவித்தொகையும் உண்டு.

வீட்டில் எல்லோரும் முதலாவதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஏனோ மனம் ஒட்டவில்லை. கணக்கு என்றால் பயம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்.

தொடுவானம் எழுதியது:

வாழ்த்துகள். மூன்று இடத்தில் கிடைப்பது எளிதில்லை.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயருள்ள இடத்தை விடாதீர்கள். மருத்துவம், சட்டம் போலப் பொதுக்கொள்கை எல்லோருக்கும் புரிந்த படிப்பு இல்லை. "என்ன படித்தாய்?" என்று கேட்டால் பாதிப் பேருக்கு விளக்க வேண்டியிருக்கும். அந்த விளக்கத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயர் மிச்சப்படுத்தும். நூறு விண்ணப்பத்தை ஒரே மதியத்தில் புரட்டுகிறவர் முதலில் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். கூடப் படிப்பவர்களும் பத்து ஆண்டில் அமைச்சகங்களிலும் பன்னாட்டு அமைப்புகளிலும் இருப்பார்கள், அந்தப் பழக்கம் கடைசிவரை கைகொடுக்கும்.

தாழ்வாரம் எழுதியது:

மழைக்குருவி, பாதிப் பதிலை உங்கள் பதிவிலேயே எழுதிவிட்டீர்கள். அந்தக் கூட்டத்தில் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டும். நான் பதினைந்து ஆண்டாகக் கொள்கை ஆய்வு வேலையில் இருக்கிறேன். புதியவர்களை எடுக்கும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். தொடுவானம் சொல்வது முதல் சல்லடைக்கு உண்மைதான். அடுத்த அறையில் நடப்பது வேறு. அங்கே ஒரு தரவுக் கோப்பையும் இரண்டு மணி நேரத்தையும் கொடுத்து, இரண்டு பக்கக் குறிப்பு எழுதச் சொல்வோம். அதைப் படிக்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயர் எங்களுக்கு நினைவிலேயே இருக்காது.

முதலில் பட்டத்தின் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பொதுக்கொள்கை முதுகலை என்பது பெரும்பாலும் ஆய்வுப் பக்கம்: பொருளாதாரம், புள்ளியியல், ஒரு திட்டம் பலன் தந்ததா என்று மதிப்பிடுவது. பொது நிர்வாக முதுகலை என்பது நடத்தும் பக்கம்: பட்ஜெட், ஆள், அமைப்பு. (இதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் வணிக மேலாண்மையின் எம்.பி.ஏ. போலவே இருக்கும், அதனால் நான் எப்போதும் முழுதாகவே எழுதுகிறேன்.) ஆனால் இந்தப் பிரிவினை ஏட்டளவில்தான். பிரின்ஸ்டனில் கொடுப்பது பொது நிர்வாகப் பட்டம், உள்ளே பொருளாதாரமும் புள்ளியியலும் பலமாக இருக்கும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் அப்படியே. ஹார்வர்டின் கென்னடி ஸ்கூல் ஒன்றிலேயே இரண்டு ஆண்டுப் பொதுக்கொள்கைப் படிப்பு உண்டு, பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கான ஓராண்டுப் படிப்பு உண்டு, பன்னாட்டு வளர்ச்சிக்கென்று தனிப்படிப்பும் உண்டு. அந்தக் கடைசிப் படிப்புக்கு நுண்பொருளாதாரமும் பேரியல் பொருளாதாரமும் பல மாறிகள் கொண்ட கால்குலஸும் முன்பே படித்திருக்க வேண்டும். ஒரே கட்டடம்தான், ஆனால் உள்ளே வாழ்க்கை வேறு வேறு. ஆகவே பட்டத்தின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் மூடி வைத்துவிட்டு, கட்டாயப் பாடங்களின் பட்டியலை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? என்னிடம் வருபவர்களுக்கு எல்லாம் நான் ஒரே ஒரு திட்டத்தைச் சொல்லுவேன். மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய ப்ரோக்ரெசா. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால், உடல்நலப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனால், தாயின் கையில் பணம். எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது என்பதால் மதிப்பீட்டுக்கு 506 ஊர்களை எடுத்தார்கள். குலுக்கல் முறையில் 320 ஊர்களுக்கு முதலில் பணம் போயிற்று, 186 ஊர்கள் காத்திருந்தன. திட்டம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்கு அந்த 186 ஊர்கள்தான் பதில். உங்களிடம் கூட்டத்தில் கேட்டது இதைத்தான். குழந்தைகள் பள்ளியில் தொடர்வது கூடியது என்று அந்த ஒப்பீடு காட்டியது.

இது கதையின் பாதிதான். 2000இல் எழுபது ஆண்டுக்கு மேலாக ஆண்ட கட்சி அங்கே தோற்றது. புதிதாக வருபவர் பழையவரின் திட்டத்தைக் கழற்றி எறிவதுதான் வழக்கம். ப்ரோக்ரெசா தப்பித்தது. மதிப்பீட்டை நாட்டுக்கு வெளியே உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள், எந்தக் கட்சியும் இதை ஓட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதியும் வைத்திருந்தார்கள். புதிய அரசு 2002இல் பெயரை மட்டும் ஒப்போர்துனிதாதெஸ் என்று மாற்றித் திட்டத்தை விரிவாக்கியது. 2014இல் ப்ரோஸ்பெரா என்று இன்னொரு பெயர். அப்புறம் 2019இல் இன்னொரு அரசு அதை முடித்துவைத்தது. உலகிலேயே மிக நுணுக்கமாக மதிப்பிடப்பட்ட திட்டங்களில் ஒன்று, அதற்கும் அதுதான் முடிவு.

இப்போது உங்கள் மூன்று கடிதத்தையும் எடுங்கள். ஒவ்வொரு இடத்தின் பாடத்திட்டத்திலும் ப்ரோக்ரெசா எத்தனை வகுப்பில் வர முடியும் என்று யோசியுங்கள். புள்ளியியல் வகுப்பில் அந்த 186 ஊர்களைப் பற்றி. பட்ஜெட் வகுப்பில், பணம் எங்கிருந்து வந்தது, எந்த மானியத்தைக் குறைத்தார்கள் என்று. அரசியல் வகுப்பில், 2000இல் ஏன் பிழைத்தது, 2019இல் ஏன் பிழைக்கவில்லை என்று. நிர்வாக வகுப்பில், பணம் தாயின் கைக்குப் போய்ச் சேரும்வரை எத்தனை கை மாறுகிறது என்று. முதல் வகுப்பு மட்டும் இருக்கும் இடம் கணக்கு தெரிந்தவரை உருவாக்கும். முதல் வகுப்பு இல்லாத இடம் நன்றாகப் பேசத் தெரிந்தவரை உருவாக்கும். நான்கும் உள்ள இடமாகப் பாருங்கள். அதிலும் உங்களிடம் இல்லாதது எங்கே ஆழமாக இருக்கிறதோ, அங்கே போங்கள். நான்கு ஆண்டு வீடு வீடாக நடந்தவருக்குக் களத்தை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

மழைக்குருவி எழுதியது:

இதை மூன்று முறை படித்தேன். 186 ஊர்கள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூட்டத்தில் இதைச் சொல்லத் தெரிந்திருந்தால் என்று தோன்றியது.

ஒரு சந்தேகம். தரவரிசையில் முதல் இடம் மிக மேலே இருக்கிறது, மூன்றாவது பட்டியலிலேயே இல்லை. அதை எவ்வளவு கணக்கில் எடுத்துக்கொள்வது?

நாற்சந்தி எழுதியது:

தரவரிசை எதை அளக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கவலை போய்விடும். அமெரிக்காவில் எல்லோரும் காட்டும் யு.எஸ். நியூஸ் பட்டியலின் பொது விவகாரப் பிரிவு முழுக்க முழுக்கக் கருத்துக் கணிப்புதான். ஒவ்வொரு கல்லூரியின் தலைவர்களும் மற்றக் கல்லூரிகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். வகுப்பில் என்ன நடக்கிறது, படித்தவர்கள் எங்கே போனார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் க்யூ.எஸ். நிறுவனத்தின் பாடவாரிப் பட்டியலில் கல்வியாளர்களிடமும் வேலை கொடுப்பவர்களிடமும் உள்ள நற்பெயரோடு, ஆய்வுக் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்பட்டன என்பதும் சேரும். அது முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு உதவலாம். முதுகலை மாணவிக்கு அந்தப் பேராசிரியர் வகுப்பெடுப்பாரா என்பதே தெரியாது.

இன்னொன்று, இந்தத் துறையின் கல்லூரிகளில் பல இளையவை. ஆக்ஸ்போர்டு எட்டு நூற்றாண்டுக்கு மேல் பழையது, அதன் பிளாவட்னிக் ஸ்கூல் 2010இல்தான் தொடங்கியது, முதல் மாணவர்கள் வந்தது 2012இல். பெர்லினின் ஹெர்ட்டி 2003. சிங்கப்பூரின் லீ குவான் யூ ஸ்கூல் 2004. மறுபக்கம் பார்த்தால், அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்து மேக்ஸ்வெல் ஸ்கூல் 1924 முதல் இருக்கிறது, துறைக்கு வெளியே பலருக்கு அதன் பெயரே தெரியாது, துறைக்குள் தெரியாதவர் இல்லை. பல்கலைக்கழகத்தின் வயதும் பெயரும் ஒன்று, அந்தக் கல்லூரியின் பலம் இன்னொன்று. உங்கள் மூன்றாவது இடத்தையும் துறைக்குள் இருப்பவரிடம் கேளுங்கள், உறவினரிடம் கேட்காதீர்கள்.

ஒற்றைப்பனை எழுதியது:

என் கதையைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் முதல் கடிதத்தைப் போலவே ஒன்று எனக்கும் வந்தது. பெரிய பெயர், ஓராண்டு, உதவித்தொகை இல்லை. கடன் வாங்கிப் போனேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை.

ஓராண்டு என்பது உண்மையில் ஒன்பது மாதப் பாடம். போய் இறங்கி, அறை பிடித்து, வங்கிக் கணக்குத் திறப்பதற்குள் ஆறு வாரம் போய்விட்டது. அடுத்த ஆண்டு வேலைக்கான விண்ணப்பங்கள் அந்த நேரத்தில்தான் முடிகின்றன. ஒரு பாடத்தையும் முடிக்காத நிலையில், "இந்தப் படிப்பில் என்ன கற்றீர்கள்?" என்ற பெட்டியை நிரப்பினேன். அந்தப் பெட்டியில் என்ன எழுதினேன் என்று இன்றும் நினைவிருக்கிறது. சேர்க்கைக் கையேட்டில் இருந்த வாக்கியத்தையே எழுதினேன்.

கோடையில் ஒரு வெளி அமைப்புக்காக ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். எங்கள் குழுவுக்குக் கொடுத்த அமைப்பில் எங்களைக் கவனிக்க வேண்டியவர் நடுவிலேயே வேலை மாறிப் போனார். நாற்பது பக்கம் எழுதி அனுப்பினோம், கிடைத்தது என்றுகூட ஒரு பதில் வரவில்லை. கல்லூரி எங்களுக்கு மதிப்பெண் போட்டது, அதோடு முடிந்தது.

பிறகு கடன் தவணை தொடங்கியது. நான் படிக்கப் போனது பொதுச் சுகாதாரத்துக்காக. ஒரு சிறு அமைப்பு வேலையும் கொடுத்தது. அந்தச் சம்பளத்தில் தவணை கட்டினால் மாதக் கடைசி வரை தாங்காது. ஆலோசனை நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன், ஆறு ஆண்டாக அங்கேதான் இருக்கிறேன். நல்ல மனிதர்கள், நல்ல வேலை, ஆனால் நான் போக நினைத்த இடம் அது இல்லை. எந்த வேலைக்குப் போவது என்பதை எனக்காகக் கடன் முடிவு செய்துவிட்டது. நீங்கள் மறுபடி அந்தப் பிள்ளைகளிடம் போக நினைத்தால், இதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கிழக்குச்சாளரம் எழுதியது:

ஒற்றைப்பனை, இவ்வளவு திறந்து எழுதியதற்கு நன்றி. ஆனாலும் ஓராண்டுப் படிப்பின் மேலேயே பழியைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் பதினோரு ஆண்டு அரசு வேலைக்குப் பிறகு ஓராண்டுப் படிப்புக்குப் போனேன். வேலையில் விடுப்பு, திரும்பி வர இடம் காத்திருந்தது, செலவை வேலை கொடுத்தவர்களே ஏற்றார்கள். எனக்கு வேண்டியது சற்று விலகி நின்று யோசிக்க நேரமும், வேறு நாடுகளில் என் இடத்தில் இருப்பவர்களின் பழக்கமும். இரண்டும் கிடைத்தன. எங்கள் வகுப்பில் ஒருவர் தன் நாட்டின் ஓய்வூதியச் சட்டத்தை எழுதிய குழுவில் இருந்தவர். நூலகத்தில் கிடைக்காததை அவரிடம் ஒரு மாலையில் கற்றேன்.

ஓராண்டு யாருக்கு என்று கேட்டால், திரும்பிப் போக வேலை உள்ளவருக்கு. துறை மாறுகிறவருக்கும் புதிதாகக் கணக்குக் கற்க வேண்டியவருக்கும் அது போதாது. இரண்டு ஆண்டுப் படிப்பில் நடுவே வரும் கோடை இன்டர்ன்ஷிப்தான் பலருக்கு வேலையாக மாறுகிறது, ஓராண்டில் அந்தக் கோடையே கிடையாது. அப்புறம், பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகை போலச் சில உதவிகள் பிரிட்டனின் ஓராண்டு முதுகலைக்குத்தான் கிடைக்கும். அதை வாங்கினால் முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். எப்படியும் திரும்பப் போகிறவருக்கு அது தடையே இல்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஓராண்டோ உதவி எதுவும் இல்லாதது. என்னையே கேட்டால், உங்கள் நிலையில் நான் அதை எடுக்க மாட்டேன்.

எண்சுவடி எழுதியது:

கணக்குப் பயம் என்று எழுதியிருந்தீர்கள், யாரும் அதைத் தொடவில்லையே என்று வந்தேன். இந்தப் படிப்பின் முதல் ஆண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் டியூட்டராக மூன்று ஆண்டு இருந்தேன்.

எலினார் ஆஸ்ட்ரமைத் தெரிந்திருக்கும். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண். பள்ளியில் முக்கோணவியல் எடுக்க விடாமல் தடுக்கப்பட்டவர், கணக்குப் பின்னணி போதாது என்று பொருளாதார முனைவர் பட்டப் படிப்பில் இடம் கிடைக்காதவர். அரசியல் அறிவியலில் முனைவரானார். இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, பெரிய காவல்துறையா சிறிய காவல்துறையா, எது மக்களுக்கு நன்றாகச் சேவை செய்கிறது என்று பக்கத்திலேயே போய்ப் பார்த்தார். மீனவர்கள், பாசன விவசாயிகள் தங்களுக்குள் விதி வகுத்துப் பொதுவளத்தைக் காப்பதை ஆராய்ந்தார். தேவைப்பட்ட கணிதத்தை வேலைக்கு நடுவே கற்றுக்கொண்டார். களத்தில் நடந்தவருக்குக் கணக்கு அந்நியம் இல்லை, அது எதற்கு என்று தெரியாதவரைதான் பயம்.

உங்கள் வேலையிலிருந்தே காட்டுகிறேன். ஓர் அட்டவணையில் 0.034 என்று இருக்கும், அதன் கீழே அடைப்புக்குறிக்குள் 0.012 என்று இருக்கும். மேலே உள்ளது, திட்டம் நடந்த ஊரில் பள்ளிக்கு வருவோர் விகிதம் 3.4 சதவீதப் புள்ளி கூடுதல் என்கிறது. கீழே உள்ளது நியமப் பிழை (ஸ்டாண்டர்ட் எரர்), அந்த 3.4 எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்பதன் அளவு. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுங்கள், 2.8 வரும். இரண்டுக்கு மேல் வந்தால் இது வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவது கடினம். ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் முறைக்கு ரெக்ரஷன் என்று பெயர். முதல் செமஸ்டரில் பாதிப் பேர் அழுகிற அந்த ரெக்ரஷன் அட்டவணையை இப்போது நீங்கள் படித்துவிட்டீர்கள். மீதி எல்லாம், அந்த ஒப்பீடு நியாயமானதுதானா என்று துருவிக் கேட்பது. அதை உங்களிடம் ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார்.

சேருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். எம்.ஐ.டி. நடத்தும் தரவு, பொருளாதாரம், கொள்கை வடிவமைப்பு பற்றிய இணையப் பாடங்களைச் சான்றிதழ் இல்லாமல் இலவசமாகவே பார்க்கலாம். 2019இல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் அதில் கற்பிக்கிறார்கள். ஒரு பாடத்தை மட்டும் எடுத்து, வாராந்தரக் கணக்குகளை விடாமல் போட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் உங்கள் இரண்டாவது கடிதத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

நாற்சந்தி எழுதியது:

படித்தபின் எங்கே வேலை என்பதையும் இப்போதே யோசியுங்கள். இந்தப் படிப்புக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு, மென்பொருள் படிப்பவர்களுக்கு அது இல்லை. பொதுக்கொள்கைக்கு இயல்பான முதலாளி அரசாங்கம். வெளிநாட்டு மாணவரை அந்நாட்டு அரசாங்கம் பெரும்பாலும் வேலைக்கு எடுக்காது. அமெரிக்கக் கூட்டரசு வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான். பிரிட்டன் கொஞ்சம் விலக்கு, அங்கே வேலை செய்ய அனுமதி உள்ள காமன்வெல்த் நாட்டவர் பல அரசுப் பதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.நா.வின் இளம் அலுவலர் தேர்வும் எல்லா நாட்டவருக்கும் எல்லா ஆண்டும் திறந்திருப்பதில்லை. ஆக, கல்லூரி காட்டும் "90 சதவீதம் பேர் வேலையில்" என்ற எண்ணில் அந்நாட்டுக் குடிமக்கள் எத்தனை, வெளியிலிருந்து வந்தவர்கள் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள்.

அமெரிக்கா என்றால் பட்டத்தின் பாடக் குறியீட்டையும் கேளுங்கள். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் வரும் குறியீடாக இருந்தால், படித்தபின் வேலை செய்யக் கிடைக்கும் ஓராண்டோடு இன்னும் 24 மாதம் சேரும். சில பொதுக்கொள்கைப் பட்டங்கள் அந்தப் பட்டியலில் வருகின்றன, சில வருவதில்லை. விசா விதி ஆட்சி மாறினால் மாறும் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். கல்லூரிக்கே அந்த நிலை வரலாம். 2017இல் ஹங்கேரி கொண்டுவந்த ஒரு சட்டத்தால் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் புடாபெஸ்டை விட்டு 2019இல் வியன்னாவுக்கு நகர வேண்டி வந்தது. அந்தச் சட்டம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020இல் சொன்னபோது பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

உதவித்தொகைக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். இரண்டாம் ஆண்டுக்கும் உறுதியா, இல்லை புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா? எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும்? பாதித் தள்ளுபடி என்பது கட்டணத்தில் பாதியா, இல்லை ஒரு நிலையான தொகையா? கட்டணம் ஏறினால் நிலையான தொகை பாதியாக இருக்காது. மாதாந்தர உதவிக்கு ஈடாக வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும்? மருத்துவக் காப்பீடு யார் தலையில்? பிரின்ஸ்டன் போல எல்லா முதுகலை மாணவருக்கும் கட்டணத்தை முழுதாகத் தள்ளும் இடம் மிகச் சில. மற்ற இடங்களில் கேட்டால்தான் கிடைக்கும். இரண்டாவது இடத்துக்கு, மூன்றாவது இடம் முழு உதவி தருகிறது என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அது பேரம் இல்லை, அந்த அலுவலகத்துக்குத் தினமும் வரும் கடிதம்தான்.

தாழ்வாரம் எழுதியது:

நாற்சந்தி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்பனைக்கு நடந்தது உங்களுக்கு நடக்காமலிருக்க, வெளி அமைப்புக்கான அந்த இறுதித் திட்டத்தைப் பற்றி நன்றாக விசாரியுங்கள். கேப்ஸ்டோன் என்பார்கள், ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு பெயர் இருக்கும். யாருக்காகச் செய்வது என்று தேர்ந்தெடுப்பது கல்லூரியா மாணவரா? சென்ற ஆண்டின் அறிக்கைகள் இரண்டைப் படிக்கத் தருவார்களா? படித்துப் பாருங்கள். நீங்கள் நான்கு ஆண்டு அறிக்கை எழுதியவர், பத்து நிமிடத்தில் தரம் தெரிந்துவிடும்.

மழைக்குருவி எழுதியது:

பதினான்கு நாள் கழித்து வருகிறேன். எல்லோரும் சொன்னதைச் செய்து பார்த்தேன், அதனால்தான் தாமதம்.

லிங்க்ட்இன்னில் ஒவ்வோர் இடத்திலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு முன் படித்து முடித்தவர்களில் முப்பது பேரைப் பார்த்தேன். படிப்புக்கு முன் என்னைப் போல ஆசிரியராகவோ தொண்டு நிறுவனத்திலோ இருந்தவர்களை மட்டும் எடுத்தேன். முதல் இடத்தில் அப்படிப்பட்டவர்களே குறைவு, இருந்தவர்களில் பலர் இன்று ஆலோசனை நிறுவனங்களில். மூன்றாவது இடத்தில் பாதிக்கு மேல் கல்வித் துறையிலும் சுகாதாரத் துறையிலும், சிலர் மதிப்பீட்டு அமைப்புகளிலும் இருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் எல்லோரும் நல்ல நிலையில் இருக்கிறார்கள், ஆனால் வெளியிலிருந்து வந்து படித்தவர்கள் மிகக் குறைவு.

மூன்றாவது இடத்தின் பாடத்திட்டத்தில் கட்டாயப் புள்ளியியல் ஒன்றுதான் இருந்தது. மனம் தளர்ந்தது. மதிப்பீட்டுப் பாடம் நடத்தும் பேராசிரியருக்கே எழுதிக் கேட்டேன். அன்று இரவே பதில் வந்தது. பொருளாதாரத் துறையில் இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளலாம், அவை பட்டத்துக்குக் கணக்கில் சேரும், சென்ற ஆண்டு நான்கு பேர் எடுத்தார்கள் என்று எழுதி, இரண்டு பழைய அறிக்கைகளையும் இணைத்திருந்தார். ஒன்று பள்ளிப் பேருந்துகளைப் பற்றியது. அதைக் கேட்ட நகராட்சி அதன்படி வழித்தடங்களை மாற்றியிருக்கிறது. இரண்டாவது இடம் என் மின்னஞ்சலுக்குத் தள்ளுபடியைச் சற்றுக் கூட்டியது, ஆனாலும் கடன் தேவைப்படும்.

எம்.ஐ.டி. பாடத்தில் இரண்டு வாரம் முடித்திருக்கிறேன். இரண்டாம் வாரக் கணக்கை மூன்று முறை தப்பாகப் போட்டு நான்காம் முறை சரியாக வந்தது.

நேற்று மூன்றாவது இடத்துக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. கடன் இல்லாமல் படித்துவிட்டு மறுபடி அந்தப் பிள்ளைகளிடம் போகலாம் என்று சொன்னபோது ஒன்றும் பேசாமல் தலையாட்டினார்.

தொடுவானம் எழுதியது:

நான் முதலில் சொன்னதற்கு நேர் எதிராக முடிவெடுத்திருக்கிறீர்கள், படித்தால் எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அந்தப் பேராசிரியர் இரவோடு இரவாகப் பதில் போட்டாரே, அது எந்தப் பட்டியலிலும் வராது.

எண்சுவடி எழுதியது:

மிகவும் மகிழ்ச்சி. கிளம்புவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். நின்றுபோன அந்தத் திட்டத்தின் பதிவேடுகளை நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பிள்ளைகளின் பெயர்களை நீக்கிவிட்டு, ஒரு படி எடுத்து வையுங்கள். இரண்டாம் ஆண்டில் தரவுக்காக எல்லோரும் அலைவார்கள். திட்டம் நடக்காத ஊர்களின் பதிவு ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?

மழைக்குருவி எழுதியது:

இருக்கிறது. பதினோரு ஊர்கள். முதல் கணக்கெடுப்பையும் அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பையும் அங்கேயும் எடுத்தோம், நிதி போதாததால் திட்டத்தைத் தொடங்கவே இல்லை. வீணாகப் போன வேலை என்று அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறோம்.

எண்சுவடி எழுதியது:

அந்தப் பெட்டியை இந்த வாரமே திறந்துவிடுங்கள். குலுக்கிப் போட்டு விடுபட்ட ஊர்கள் இல்லை என்பதால் ப்ரோக்ரெசாவின் 186 ஊர்களைப் போல நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் கணக்கெடுப்பு இருக்கிறது, தொடங்குவதற்கு அது போதும். அந்தப் பதினோரு ஊர்களை யார், எதைப் பார்த்து விட்டுவைத்தார்கள் என்பதை மறப்பதற்கு முன் எழுதி வையுங்கள். தூரமா, சாலையா, தலைமையாசிரியர் ஒத்துழைக்கவில்லையா, எதுவானாலும். பேராசிரியர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.